சொட்டு நுழையாத விளக்கு

எங்கள் வாசலில் இன்னொரு வீடு நின்றது. இரண்டு சக்கரம், ஒரு கதவு, இரண்டு ஜன்னல், மேலே தகரக் கூரை. ஊரில் எல்லோரும் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் விளக்கைப் பற்றி யோசிப்பார்கள். என் வீட்டுக்காரர் விளக்கு சரியாக அமையவில்லை என்று வீட்டையே நகர்த்தாமல் வைத்திருந்தார். எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் முந்திரித் தோப்புகளை அழித்துத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கண்ணெதிரே ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள், சுவர் எழுப்பினார்கள், புகைபோக்கி வைத்தார்கள், அது புகை விடவும் ஆரம்பித்துவிட்டது. எங்கள் வாசலில் மூன்றே மூன்று விளக்குக்குள் தண்ணீர் போவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அந்தச் சக்கர வீடு என் மாமியாருக்காகச் செய்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவர் படுத்த படுக்கை. சாய்த்து உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்திலேயே வலியில் முகம் கறுத்துவிடும். பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்ற முடியாது. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போனால் ஆந்திராவில் தடா. அங்கே வாழ்ந்த மகளையும், அவள் பெற்றிருந்த பெண் குழந்தையையும் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து தடா ஒரு மணி நேரப் பயணம். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அது வேகிற நேரத்தில் போய்விடலாம் என்று நான் சொல்வதுண்டு. எங்கள் ஊர்த் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது.

மகள் இங்கே வந்து பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். என் நாத்தனார் ஒரு தெலுங்குக்கார லாரி டிரைவரைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து, காளஹஸ்தியில் மாலை மாற்றிக்கொண்டாள். மாலையும் கழுத்துமாக ஆசீர்வாதம் வாங்க வாசலுக்கு வந்தவளை, தெருவே கேட்கும்படி என் வீட்டுக்காரர் கத்தித் திருப்பி அனுப்பினார்.

"உன் காலு என் வாசல்ல படக் கூடாது. என் காலு உன் வாசல்ல படாது."

அண்ணனுக்குத் தங்கை இளைத்தவளா? நீயாக வந்து கூப்பிடுகிற வரைக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே வரவும் இல்லை. என் மாமியாருக்கு மகனும் வேண்டும், மகளும் வேண்டும். அவர் சோறு தின்பது மகன் வீட்டில். வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் அந்த டிரைவர் நல்ல மனுஷன். கல்கத்தா ரோட்டில் லாரியை ஓட்டிக்கொண்டு எங்கள் தெரு முனையைத் தாண்டும்போதெல்லாம் ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்துவிட்டுப் போவார். ரோட்டில் ஓடுகிற அத்தனை லாரியும் ஹாரன் அடிக்கிறதுதான். ஆனால் என் மாமியாருக்கு அந்த ஒன்று மட்டும் தெரியும். படுத்தபடியே, "போறாரு" என்பார். அதற்கு மகள் சுகமாக இருக்கிறாள், பேத்தி சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஏதாவது ஒரு ஆணியைத் தட்ட வேண்டிய வேலை வந்துவிடும்.

மாமியார் விழுந்த பிறகு, ஒரு நாள் என் வீட்டுக்காரர் தானாகவே வந்து, "உன்னை நான் இட்டுக்கினு போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. அவரே சொன்னார். மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து நாளைக்கே போய்விடலாம் என்று நான் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருக்கிறவர் அம்மாவை மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு போனால் தங்கச்சி வீட்டில் என்ன நினைப்பார்கள்? மதராஸில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விடுகிற இடத்துக்குப் போனார். ஏற்கெனவே அங்கிருந்துதான் ஒரு பழைய ஜீப்பை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர வண்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. கூடவே அதே இடத்தில் சாமான் சுற்றிக் கொடுத்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள் ஒன்றும்.

எல்லா வினையும் அந்தத் தாளில்தான் இருந்தது. அதில் ஒரு படம். ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். பின்னால் சக்கரம் வைத்த வீடு. அதன் கதவுக்கு மேலே அழகாக ஒரு விளக்கு எரிகிறது. அந்தப் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

வேலை தெரிந்த மனுஷன், அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் பாவம். இரும்புச் சட்டம் அடித்து, பலகை இறுக்கி, மேலே தகரம் போர்த்தி, ஆடி முடிவதற்குள் அறை தயார். உள்ளே கட்டிலுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருந்தார். மாமியாரைத் தூக்கிப்போய் அதில் படுக்க வைத்து, தெருக்கோடி வரைக்கும் இழுத்துப் பார்த்தோம். தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கிறது என்று மாமியார் சிரித்தார். அன்றைக்கே அப்படியே ரோட்டில் ஏற்றியிருக்கலாம். நான் துணி மூட்டைகூடக் கட்டிவிட்டேன்.

"லைட்டு மாட்டல" என்றார் என் வீட்டுக்காரர்.

மாட்டினார். பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கு, லாரியிலிருந்து கழற்றி விற்ற பழசு. கதவுக்கு மேலே படத்தில் உள்ளது போல ஒன்று வேண்டுமே! அதற்கு என் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டார். பாட்டிலின் தகர மூடியைக் கூரை ஓரத்தில் திருகி, அதில் பல்பைத் தொங்கவிட்டு, பாட்டிலைக் கீழேயிருந்து மூடியில் முறுக்கி மாட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பாட்டிலில் இருந்த நார்த்தங்காய் ஒரு கிண்ணத்தில் கிடந்து பூஞ்சை பிடித்ததை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மழை. காலையில் பார்த்தால் மூன்று விளக்கிலும் தண்ணீர். ஊறுகாய் பாட்டிலில் பாதி வரை நின்றது. பல்பு அதில் முழுகிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் ஏதோ ஒரு நிம்மதியும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிச்சமில்லாமல் சாவடியில் விட மாட்டான் என்றார். இதைச் சரி செய்யாமல் வண்டி நகராது என்றார். சரி செய்யத் தன் கூட வேலை பார்த்த வெல்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அப்பன், சித்தப்பன் எல்லாம் இன்னும் படகில்தான். இவர் மட்டும் கரையேறித் தொழிற்சாலைக்கு வந்தவர். கரையேறினாலும் வாய் படகிலேயே இருந்தது. விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இது ஒரு மேட்டரா அண்ணி? பொறந்ததுலேர்ந்து தண்ணியிலியே ஊறிக்கினு கீது எங்க படவு. ஒரு சொட்டு உள்ள ஏறுமா? குங்கிலியம் வச்சா முடிஞ்சிது."

மறு ஞாயிற்றுக்கிழமை குங்கிலியத்தோடு வந்தார். படகின் பலகை இடுக்குகளை அடைக்கிற வேலை அது. குங்கிலியத்தைத் தூளாக்கி எண்ணெயில் காய்ச்சி, பஞ்சையும் நாரையும் இடுக்கில் திணித்து மேலே பூசுவார்கள். என் அடுப்பில், என் வாணலியில் காய்ச்சினார்கள். வீடு முழுக்க ஒரு வாரம் கோயில் வாசனை. அந்த வாணலியில் அதற்குப் பிறகு அப்பளம் பொரித்தால்கூடச் சாம்பிராணி போட்ட மாதிரி இருந்தது.

பூசும்போது நானும் நின்று பார்த்தேன். விளக்கின் அடிப்பக்கத்தில் பஞ்சு வைத்து, ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று. மேல்பக்கம் சும்மா விரலால் ஒரு இழுப்பு. மேலே ஏன் பூசவில்லை என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகுக்கு எங்கேயாவது மேல்பக்கம் அடைப்பார்களா, தண்ணீர் இருப்பது அடியில் அல்லவா என்றார். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். பரம்பரை பரம்பரையாக அடியிலிருந்து வருகிற தண்ணீரோடு சண்டை போட்ட கை. மழை மேலேயிருந்து வருகிறது என்பது இருவருக்கும் அந்த ஒரு மதியம் மறந்துபோனது.

மழை மறக்கவில்லை. மேலே போட்ட மெல்லிய பூச்சு வெயிலில் இளகி வழிந்துவிட்டது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியது. இறங்கின தண்ணீர் வெளியே போக அடியில் வழி இல்லை. பழவேற்காட்டாரின் கைவேலை அப்படி. முன்பாவது பாதிதான் நின்றது. இப்போது சிவப்பு விளக்கு இரண்டும் கழுத்து வரை நிரம்பி, வெயிலில் ரோஸ்மில்க் டம்ளர் போலப் பளபளத்தன. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. உள்ளே கட்டிலிலிருந்து மாமியார், இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு சொட்டு ஏறாத படகுகளை நான் பின்னால் ஒரு தடவை பழவேற்காட்டில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு படகிலும் ஒரு தகர டப்பா கிடந்தது. அதை வைத்து ஒரு ஆள் உட்கார்ந்து உள்ளே ஏறுகிற தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். இது எதற்கு என்று வெல்டரைக் கேட்டேன். அது வேற தண்ணி என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது யோசனை என் வீட்டுக்காரருடையது. இவர்கள் ஆரணிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம், நிலத்தைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைத் தடுக்கக் கூடாது, வடிய விட வேண்டும் என்று இவருக்குத் திடீரென்று ஞானம் வந்தது. வயலில் மடை வைப்பதில்லையா? சிவப்பு விளக்குகளின் அடித் தகரத்தில் ஒரு துளை போட்டார். உண்மையிலேயே நல்ல யோசனை. மழை பெய்தது, தண்ணீர் உள்ளே போனது, சொட்டுச் சொட்டாக வெளியேயும் போனது, விளக்கு எரிந்தது. நானே பாராட்டினேன். அப்பாடா, கிளம்பலாம் என்றேன்.

ஒரு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார். நல்ல நாள் பார்ப்பதற்குள் குளவி நல்ல இடம் பார்த்துவிட்டது. இரண்டு துளையையும் மண்ணால் அடைத்து உள்ளே கூடு கட்டியது. மழையில் மறுபடியும் ரோஸ்மில்க். குளவிக் கூட்டை ஒரு குச்சியால் குத்தினால் போயிற்று என்று நான் சொன்னேன். குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷம் வரும், கலைக்கக் கூடாது என்று அவர் சொன்னார். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு உத்தரத்தில் கட்டிய எத்தனையோ கூடுகளை இதே மனுஷன் துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டதைப் பார்த்தவள் நான்.

அன்றைக்குத்தான் எனக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஆடத் தெரியும். ஆட மனசில்லை. அதனால் கூடத்தைத் தானே கோணலாக்கிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் என் மாமியார் மெலிந்துகொண்டே போனார். முதலில் சோறு குறைந்தது, பிறகு பேச்சு குறைந்தது. காலையில் நான் உடம்பு துடைத்துவிடும்போது, இன்னிக்கு வானம் எப்படிக் கீது என்று மட்டும் கேட்பார். மூட்டமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதாகச் சொல்ல முடியாது. என் குழம்பில் அவருக்கு உப்பு எப்போதும் ஒரு கல் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் வானத்தைப் பார்த்து மகளை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிற ஒரு பொம்பளையைத் தினமும் துடைத்துவிடுவது கஷ்டமாக இருந்தது. ரோட்டில் நீள ஹாரன் கேட்கும். "போறாரு" என்பார். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்தது.

வாசலில் மட்டும் அபிஷேகம் தவறாமல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் பழவேற்காட்டார் வந்துவிடுவார். நாஷ்டா என் கையால், அதுவும் இரண்டு தட்டு. பிறகு இருவரும் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து விளக்கின் மேல் ஊற்றிப் பார்ப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளையார் அவ்வளவு தண்ணீரை ஆயுசுக்கும் பார்த்திருக்க மாட்டார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்துத் துணியால் துடைத்து, பிறகுதான் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். எரியும்போது ஊற்றினால் ஷார்ட் ஆகிவிடுமாம். மழை வந்து, ஐயா விளக்கை அணையுங்கள், நான் பெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டா பெய்யும் என்று கேட்டேன். பழவேற்காட்டார் என் வீட்டுக்காரரைப் பார்த்து, அண்ணிக்கு டெக்னிக்கல் புரியாது என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தட்டு கிடைக்கவில்லை.

ஊறுகாய் பாட்டில் விளக்குதான் கடைசியில் ஜெயித்தது. கண்ணாடியில் துளை போட முடியாது என்பதால் அதற்கு மட்டும் அடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடிக்குள் வைத்து, அதற்கு மேல் குங்கிலியம், இந்தத் தடவை மறக்காமல் மேல்பக்கமும். பத்துக் குடம் ஊற்றினார்கள். பாட்டிலுக்குள் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பல்பு பளிச்சென்று எரிந்தது. தெருவே கூடிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஒரு சொட்டு போவாது" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். பழவேற்காட்டாரோ குளவியைக் கேட்காமலே கூட்டைக் குத்திவிட்டார். சிவப்பு விளக்குகளும் எரிந்தன.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே கிளம்பலாமா என்றேன். என் வீட்டுக்காரர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒயரைப் பார்த்தார். பிறகு, ஒயர் உள்ளே போகிற துளையில் எதிர்காலத்தில் கசிவு வரலாம், எதற்கும் ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

ஒரு மழைக்காலம் முழுக்க. உள்ளே படுத்திருந்தவர் இன்னொரு மழைக்காலம் பார்ப்பாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை என்னென்று சொல்வது! கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டேன். அரிசி வாசலெல்லாம் சிதறியது. தெரு நிற்கிறது, அவருடைய நண்பர் நிற்கிறார், எதையும் பார்க்கவில்லை.

"பகல்ல போனா லைட்டு எதுக்கு?"

அவ்வளவுதான் கேட்டேன். ஒரு மணி நேரப் பயணம். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் தடா. இத்தனை மாதம், இத்தனை குடம், என் வாணலி, என் ஊறுகாய், எல்லாம் சூரியன் இருக்கும்போது எரியத் தேவையில்லாத மூன்று விளக்குக்காக. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் சிவந்து, திரும்பி வரும்போது இருட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

அதற்குப் பதில் உள்ளேயிருந்து வந்தது. மெலிந்துபோன குரல், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"இருட்டினா அங்கியே தங்கிக்கலாம் நைனா. அதுவும் என் ஊடுதான். தண்ணிக்கா பயந்த நீ? அவ மூஞ்சிக்குப் பயந்த."

என் வீட்டுக்காரர் கதவு விளக்கின் மேல் இருந்த ஈரத்தைத் தோள் துண்டால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த விளக்குதான். மறுநாள் காலையில், நான் எழுப்புவதற்கு முன்னாலேயே ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாமியார் உள்ளே கட்டிலில், பக்கத்தில் நான். ஜீப்பில் அவர், கூடவே தூக்கி இறக்கக் கை கொடுக்கப் பழவேற்காட்டார். எளாவூர் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தக் காலத்தில் அரிசி மாநிலம் தாண்டக் கூடாது. சாவடியில் இருந்தவர்களுக்கு உலகத்தில் இருப்பதே இரண்டு வகை வண்டிதான், அரிசி இருக்கிற வண்டி, அரிசி இல்லாத வண்டி. சக்கரத்தின் மேல் ஒரு வீடு வந்து நின்றதும், மூட்டை எத்தனை என்றுதான் ஒரு ஆள் கேட்டார். மூட்டை இல்லை என்றதும் கையில் இருந்த இரும்புக் கம்பியோடு உள்ளே ஏறி, மாமியார் படுத்திருந்த மெத்தையின் ஓரத்தைக் குத்திப் பார்த்தார். பஞ்சுதான் வந்தது.

"என் எலும்பையும் குத்திப் பாரு. அதுலயும் அரிசி கீதா சொல்லு" என்றார் மாமியார். மாதக்கணக்கில் நான் கேட்காத அவருடைய பழைய குரல் அது. அந்த ஆள் அவசரமாக இறங்கிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. சார், பின்னாடி லைட்டெல்லாம் பார்த்துக்குங்க, எல்லாம் எரியும், தண்ணியே போவாது என்று அந்த ஆளைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரனைப் பார்த்து, உன்னுதுல எத்தினி மூட்டை என்று கேட்கப் போய்விட்டார். இத்தனை மாதம் நாங்கள் பயந்துகொண்டிருந்த சாவடி இதுதான். பழவேற்காட்டார் ரோட்டோரத்துப் புளியமரத்தை முதல் தடவையாகப் பார்க்கிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடாவில் அவர்கள் வீடு ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். வண்டி நின்றதும் டிரைவர்தான் முதலில் ஓடி வந்தார். தெலுங்கிலும் தமிழிலும் கலந்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டார். நாத்தனார் வாசலில் நின்றாள். கையில் குழந்தை. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. வண்டிக் கதவு திறந்ததும் உள்ளே படுத்திருந்த அம்மாவைப் பார்த்தாள். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு ஏறி, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். காலு வலிக்குது, தலைமாட்டுக்கு வாடி என்றார் மாமியார். நானும் அழுதேன். அழக் கூடாது என்றுதான் வந்திருந்தேன்.

டிரைவரும் பழவேற்காட்டாரும் மாமியாரை மெத்தையோடு தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கூடத்தில் படுக்க வைத்தார்கள். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நாத்தனார் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், பாய் விரித்தாள். எல்லோரும் உள்ளே இருந்தோம். என் வீட்டுக்காரரைக் காணோம்.

எட்டிப் பார்த்தேன். வெளியே, அந்தப் பட்டப்பகலில், கதவு விளக்கை எரியவிட்டு அதன் கீழே நின்றுகொண்டிருந்தார். கையில் திருப்புளி. உள்ளே வாங்க என்றேன். வழியில் குலுங்கினதில் ஏதாவது லூஸ் ஆகிவிட்டதா என்று பார்க்கிறேன், நீ போ என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பழவேற்காட்டார் போய்க் கூப்பிட்டார். அதே பதில். டிரைவர் போய்க் கூப்பிட்டார். லைட்டைப் பார்த்துட்டு வரேன் என்றார். காபி ஆறியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கல்லுளிமங்கன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஒருவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மாமியார் உள்ளேயிருந்து மகளைப் பார்த்தார். நாத்தனார் எழுந்து, பானையிலிருந்து ஒரு பெரிய சொம்பு நிறையக் குளிர்ந்த தண்ணீரை மொண்டுகொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடி விழுந்தால் பிடிக்க வேண்டுமே.

அவள் அண்ணன் எதிரில் போய் நின்றாள். மாலையும் கழுத்துமாக நின்ற நாளுக்குப் பிறகு இருவரும் அவ்வளவு கிட்டத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் விளக்கைக் காட்டினார்.

"ஒரு சொட்டு போவாது" என்றார்.

"அப்படியா" என்று சொல்லி, சொம்பைத் தூக்கி விளக்கின் மேல் ஊற்றினாள்.

அத்தனை நேரம் எரிந்து கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடி. பச்சைத் தண்ணீர் பட்டதும் பட்டென்று வெடித்தது. பல்பு அணைந்தது. பத்துக் குடத்துக்கு அசையாத ஊறுகாய் பாட்டில் பாதிச் சொம்புக்குச் சில்லுச் சில்லாகக் காலடியில் கிடந்தது. மூடி மட்டும் குங்கிலியத்தோடு கூரையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"லைட்டு போச்சு" என்றாள் நாத்தனார். "இனிமே பார்க்க ஒண்ணும் இல்ல. மீதித் தண்ணி காலுக்கு. கழுவிக்கினு உள்ள வாண்ணா."

என் வீட்டுக்காரர் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டார். செருப்பைக் கழற்றினார். கண்ணாடிச் சில்லு குத்திவிடாமல் கொஞ்சம் தள்ளி வந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை நீட்டினார். அவள் குனிந்து ஊற்றினாள்.